சருகு வந்தால் ஏறு

நார் கம்பெனியின் கேட்டைத் தாண்டி, சுந்தரபாண்டியத்தைப் பின்னால் விட்டு, கிருஷ்ணன்கோவில் போகும் ரோட்டில் நிழல் கண்ட பக்கமாக நான் நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு லுங்கி, ஒரு சட்டை, ஒரு போர்வை. என் குடித்தனம் எப்போதும் அந்த அளவுதான்.

சண்டை போட்டுக்கொண்டு கிளம்பவில்லை. தேங்காய் மட்டையை மிஷினுக்குள் கொடுத்து நாராக எடுக்கிற வேலை. தூசி நெஞ்சுக்குள் போய், காலையில் துப்பினால் செம்மண் நிறத்தில் வரும். அதற்காகவும் கிளம்பவில்லை. அதைவிட மோசமான இடங்களில் மாதக்கணக்கில் இருந்திருக்கிறேன். அன்றைக்குக் காலையில் எழுந்தேன், இந்த இடம் போதும் என்று இருந்தது, மேஸ்திரியிடம் சொன்னேன். "போயிட்டு வா" என்றுகூட அவர் சொல்லவில்லை. "போ" என்றார். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு வந்ததும் ஏறக்குறைய இப்படித்தான்.

"எங்கலே இருக்க?" என்றாள் அக்கா.

"நடந்துக்கிட்டு இருக்கேன்."

"இந்த வேலையும் போச்சா?"

"விட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு," என்றாள்.

நான் நின்றுவிட்டேன். நான் வேலையை விட்டு வந்த எத்தனையோ தடவையில் அக்கா அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நாளைக்குக் காலையில வேன் கிளம்புது. பையன் வீட்டைப் பார்க்கப் போறோம். நீயும் வரணும். தாய்மாமன் இல்லாம அங்க போயி நான் யாரை முன்னால நிப்பாட்டுறது?"

பையன் என்றது அவள் மகளைக் கட்டிக்கொள்ள விரும்பிய பையனை. என் மருமகள் ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பையன் படகு இன்ஜின் பழுது பார்ப்பவன். வீடு உச்சிப்புளிக்கு வடக்கே, கடற்கரைக்குப் பக்கத்தில். தகப்பனார் மீன்பிடிக்கிறவர். அவருக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு பேரும் பழகியிருக்கிறார்கள். இரண்டு வீடும் மாதா கோவிலுக்குப் போகிற வீடுதான். அத்தானுக்கு முழுச் சம்மதம். அக்காவுக்கு மட்டும் ஒரு தடை இருந்தது. பையன் மேல் குற்றம் இல்லை. கடல்தான் தடை.

"அந்தப் பக்கம் நீ ஐஸ் கம்பெனியில கெடந்தவன்தான?" என்றாள். "அந்தக் கடலு எப்படின்னு உனக்குத் தெரியும். நேருல வந்து பாரு. பார்த்துட்டு உள்ளதச் சொல்லு. நீ சரின்னா சரி. வேண்டாம்னா நான் வேண்டாம்னு சொல்லிருவேன். அவ அழுதாலும் சரி, என் மூஞ்சியில முழிக்கலைன்னாலும் சரி."

இத்தனை நாளில் யாரும் என்னிடம் எதையும் அப்படி ஒப்படைத்ததில்லை. வெயில் உச்சியில் இருந்தது. நான் இன்னும் வேகமாக நடந்தேன்.

அக்காவுக்குத் தண்ணீர் என்றால் ஏன் அப்படி என்பதைச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையில் அய்யனார் கோவில். அங்கே அருவியும் ஆறும் உண்டு. பள்ளி லீவு விட்டால் ஊர் ஜனம் பாதி, சாமி எந்தச் சாமியாக இருந்தாலும், சோற்றுச் சட்டியோடு அங்கே போய்விடும். அந்தத் தண்ணீருக்கு ஒரு குணம். கீழே நல்ல வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்து வெள்ளம் இறங்கும். வருவதற்கு முன்னால் இரண்டு அடையாளம் காட்டும். கண்ணாடி மாதிரி ஓடுகிற தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். காய்ந்த சருகு கூட்டமாக மிதந்து வரும். அவ்வளவுதான் அவகாசம். முதலில் பார்க்கிறவர் "ஏறு" என்று கத்த வேண்டும். கேட்டவர்கள் சோப்பு டப்பாவைத் தேடக் கூடாது, துணியைப் பொறுக்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. பக்கத்தில் நிற்கிற பிள்ளையை, அது யார் பிள்ளையாக இருந்தாலும், தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எது படிக்கிறார்களோ இல்லையோ, இதைப் படித்துவிடுவார்கள்.

என் மருமகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் ஆற்று நடுவில் பிள்ளையோடு ஒரு பாறைமேல் உட்கார்ந்து அக்கா குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அவளுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் வந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பாறையிலேயே நின்றாள். தண்ணீர் ஏறியதில் உட்கார இடம் இல்லை. கரையில் வேன் தார்ப்பாய்க் கயிற்றின் ஒரு முனையை நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் இறங்கியதும் ஆட்கள் கை கோத்துப் போய்க் கூட்டி வந்தார்கள். பிள்ளை பாதி நேரம் தூங்கிவிட்டது. அக்கா அழவில்லை. கரைக்கு வந்து பிள்ளையை அத்தான் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே தண்ணிக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது" என்றாள். அவ்வளவுதான்.

சொன்னபடி இருந்தாள். பிளவக்கல் அணை பார்க்கப் போனால் நாங்கள் எல்லாரும் இறங்குவோம், அவள் வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளைதான் இப்போது கடலுக்குப் பக்கத்தில் வாழப் போகிறேன் என்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. பால்கோவா வாங்கி வரச் சொல்லியிருந்தாள் அக்கா. ரத வீதியில் ஒரு கடையில் நின்றேன். கடைக்காரர் நெற்றியில் நாமம், கையில் தட்டை வைத்துக் கோவாவை வழித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போகுது?" என்றார்.

"ராமநாதபுரம் பக்கம், கடற்கரைக்கு. மருமவளுக்குப் பையன் வீடு பார்க்க."

"ஈரக்காத்து. அங்க வச்சிருக்கக் கூடாது, உடனே சாப்பிட்டுறணும்னு சொல்லுங்க." கட்டிக் கொடுக்கும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நார்த் தூசி தலையிலும் புருவத்திலும் இருந்தது. "தாய்மாமனா நீங்க?"

"ஆமா."

இன்னொரு கரண்டி அள்ளி வைத்தார்.

மறுநாள் விடியும் முன்பே ராஜபாளையத்தில் அக்கா வீட்டிலிருந்து கிளம்பினோம். அக்கா, அத்தான், லீவு போட்டு வந்திருந்த மருமகள், அத்தானின் தம்பி குடும்பம், பிள்ளைகள். டிரைவர் எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரர். "ரண்டி ரண்டி, தூக்கத்தை ராமநாதபுரத்துல வச்சுக்கிடலாம்" என்று எல்லாரையும் ஏற்றினார். அத்தான் தன் வெள்ளைச் சட்டை ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார். தோளில் கொஞ்சம் தொங்கியது.

"மச்சான், அங்க போயி நார் கம்பெனி, செங்கல் சூளைன்னு உன் வரலாற எடுத்து விட்டுறாத," என்றார் அத்தான்.

"கேட்டா சொல்லுவேன்."

"கேட்டாலும் சொல்லாத."

"அவன் சொல்லட்டும்," என்றாள் அக்கா. "பொய் சொல்லிப் பொண்ணு குடுக்கிற வழக்கம் நம்ம வீட்டுல கிடையாது."

மருமகள் எனக்கு முன் சீட்டில் இருந்தாள். பரமக்குடி தாண்டியபோது திரும்பி, மெதுவாக, "மாமா, நீங்க பார்த்து உள்ளதத்தான் சொல்லணும். எனக்காக ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்காவின் பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பையன் வீடு தென்னங்கீற்றும் சிமெண்டுமாகப் பாதிப் பாதி. வாசலில் ஒரு படகு இன்ஜின் பிரித்துக் கிடந்தது, அதை ஒரு சாக்கால் மூடியிருந்தார்கள். பையன் நெடுநெடுவென்று இருந்தான். கைவிரல் நகங்களில் கிரீஸ் தேய்த்தும் போகாமல் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. பையனின் தகப்பனார் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு?"

நான் வாசல் பக்கம் சுவரோரமாக நின்றிருந்தேன். பொதுவாக எந்த வீட்டிலும் நான் நிற்கிற இடம் அதுதான். அக்கா கையைக் காட்டினாள்.

"அங்க ஏன் நிக்கிறீங்க சம்பந்தி? முன்னால வாங்க," என்று என்னைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நடு நாற்காலியில் உட்கார வைத்தார். வெற்றிலை, பழம் வைத்த தட்டை எடுத்து, அத்தானுக்கும் முன்னால் என்னிடம் நீட்டினார். எங்கள் பக்கமும் அதுதான் முறை. பெண்ணின் தாய்மாமன் தொட்ட பிறகுதான் பேச்சு ஆரம்பிக்க வேண்டும். முறை தெரியும், ஆனால் அது என் கைக்கு வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. தட்டைத் தொட்டேன். அத்தானின் வெள்ளைச் சட்டை அந்த நேரத்தில் எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

"என்ன தொழில் பண்றீங்க?" என்றார்.

அத்தான் தொண்டையைச் செருமினார்.

"நேத்து வரைக்கும் நார் கம்பெனி. நாளைக்கு என்னன்னு தெரியல," என்றேன்.

அவர் சிரித்தார். "எங்க பொழப்பும் அதான். இன்னைக்கு வலை கிழியாம வந்துச்சா, அது இன்னையோட சரி. நாளைக்கு என்னன்னு மாதாவுக்குத்தான் தெரியும்."

சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. மீன் குழம்பில் எங்கள் பிள்ளைகள் முள்ளுக்குப் பயந்து குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டன. பால்கோவாவைப் பையன் வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்கே முடித்துவிட்டன, கடைக்காரர் கவலைப்பட அவசியமே இல்லாமல் போயிற்று. வெயில் தாழ்ந்ததும் இரண்டு குடும்பமும் கடற்கரைக்கு நடந்தோம்.

கடல் என்றதும் ஜனங்கள் நினைக்கிற கடல் இல்லை அது. வடக்கே பார்த்த கரை. நிலம் வளைந்து இரண்டு பக்கமும் அணைத்த மாதிரி இருக்கும். எதிரே தூரத்தில் இலங்கை. அதனால் பெரிய அலை உள்ளே வராது. கரையோரம் சவுக்குத் தோப்பு, அதற்குக் கீழே நல்ல வெள்ளை மணல், அதற்கப்புறம் தண்ணீர். வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்புக்குத்தான் வரும். தோப்புக்குள் இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு. சோற்றுச் சட்டியோடு வந்திருந்த குடும்பங்கள் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தன. சத்தம் போட்டு விற்கிறவர்கள் யாரும் இல்லை. பிள்ளைகள் பேசுவதும் காற்றுமாக இருந்தது. நான் ஐஸ் கம்பெனியில் இருந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து படுத்துத் தூங்கியிருக்கிறேன். கைவிரல்கள் ஐஸில் செத்துப்போய் இருக்கும். மணலுக்குள் விட்டு வைத்தால் மெல்ல மெல்ல உயிர் வரும்.

அத்தான் பேண்டைச் சுருட்டிக்கொண்டு கணுக்கால் அளவில் நின்று பார்த்தார். "எங்க ஊரு கண்மாயில காத்தடிச்சா இதவிடப் பெரிய அலை வருமே," என்றார்.

"கண்மாயில வலை போட்டா மீன் எம்புட்டு வரும்?" என்றார் பையனின் தகப்பனார்.

அத்தான் பேண்டை இன்னும் ஒரு சுற்றுச் சுருட்டினார்.

அக்கா தோப்புக்குள், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பையனின் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளி மணலில் இருந்தேன்.

"ஏன் மதினி இந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்கிறீங்க?"

"எனக்குத் தண்ணி ஆகாது."

"இது பொம்பளக் கடலு மதினி. தெக்கால இருக்கிறதுதான் ஆம்பளக் கடலு, அதுதான் சத்தம் போடும். இது பிள்ளைகளைக் குளிப்பாட்டுற கடலு."

"பொம்பளைக்குக் கோவம் வந்தா ஆம்பளைக்கு வர்றத விட மோசமால்ல இருக்கும்?" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்காவும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் திரும்பவில்லை. பிறகு, "சுனாமி வந்த அன்னைக்கு இங்க என்ன ஆச்சு?" என்று கேட்டாள். ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்த கேள்வி என்று தெரிந்தது.

"எங்களுக்கு முன்னால இலங்கை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. தண்ணி கொஞ்சம் ஏறுச்சு, இறங்குச்சு. ஆனா நாங்க அன்னைக்குப் பயந்தத இல்லைன்னு சொன்னா அது பொய்யி மதினி."

அக்கா அந்த அம்மாளை ஒரு தடவை நேராகப் பார்த்தாள். பயந்தோம் என்று சொன்னது அவளுக்குப் பிடித்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து உடம்பைப் பாதி திருப்பி உட்கார்ந்தாள். இப்போது கடல் அவளுக்குப் பக்கவாட்டில் இருந்தது. அத்தானின் தம்பி பிள்ளைகளில் மூத்த இரண்டும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. அதற்கும் கொஞ்சம் உள்ளே, முழங்காலுக்கு மேல் தண்ணீரில், என் மருமகளும் பையனும் நாங்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி விலகி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது காற்று திரும்பியது. கிழக்கே இருந்து தண்ணீர்மேல் ஒரு பழுப்புப் பட்டை கரையோரமாக வந்தது. பிள்ளைகள் காலடியில் தெளிவாக இருந்த தண்ணீர் டீ நிறமானது. அதில் பழுப்பு இலைகள் கூட்டமாக மிதந்தன.

"ஏறு!" என்று கத்தினார் அத்தான். "ஏலே, சருகு வருது! ஏறு, ஏறு!"

நான் அந்தக் கரையில் நாள் கழித்தவன். அது சருகு இல்லை, கடலுக்கு அடியில் வளர்கிற புல் என்று எனக்குத் தெரியும். காற்று மாறினால் அறுந்த புல்லெல்லாம் கரைக்கு ஒதுங்கும். எல்லாம் தெரியும். ஆனால் காலுக்குத் தெரியவில்லை. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பக்கத்தில் மணல்வீடு கட்டிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினேன். அத்தானின் தம்பி தன் கடைசிப் பிள்ளையோடு ஓடினார். அவர் சம்சாரம் சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினார். எங்கள் டிரைவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். வேனில் வந்த ஜனம் கண் மூடித் திறப்பதற்குள் சவுக்குத் தோப்புக்கு மேலே மணல் மேட்டில் நின்றது.

என் பின்னால் ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருந்தாள். "யோவ், யாருய்யா நீ? எம் புள்ளைய எங்க தூக்கிட்டுப் போற?"

அப்போதுதான் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தேன். யாரென்று தெரியவில்லை. அது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் கொடுத்தேன்.

கரையெல்லாம் சிரிப்பு. பையனின் தகப்பனார் ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ராஜபாளையத்துல நாய்தான் வேகமா ஓடும்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றார்.

அத்தான் மூச்சு வாங்கிக்கொண்டே, "அதுக்கு ஓடக் கத்துக் குடுத்ததே நாங்கதான்" என்றார்.

நான் வெட்கப்படவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமைதான். ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு புத்தி உள்ள ஜனம், ஒரே ஒரு சொல்லுக்கு மேட்டில் வந்து நின்றது. எங்கள் பிள்ளை ஒன்றுகூட மணலில் விடுபடவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். ஒன்று கூடுதலாகத்தான் இருந்தது.

பிறகு திரும்பிப் பார்த்தேன். மேட்டில் அக்கா இல்லை.

தோப்பில் பத்திரமாக உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் ஏறவே வேண்டியதில்லை. ஆனால் எல்லாரும் மேலே ஓடியபோது அவள் கீழே ஓடியிருக்கிறாள். மணலைத் தாண்டி, ஈர மணலைத் தாண்டி, அந்த டீ நிறத் தண்ணீருக்குள் முழங்காலுக்கு மேல் வரைக்கும் போய், மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கடலைப் பார்த்து நின்றாள். பையன் அவர்களுக்கும் அந்தப் பக்கம், கடலை அடுத்து நின்றிருந்தான். அவன் கைக்கு ஒன்றாக, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகள் இரண்டும் தொங்கின.

நான் இறங்கி ஓடினேன். சின்ன அலை ஒன்று வந்தது, அக்காவின் சேலையை இடுப்பு வரைக்கும் நனைத்துவிட்டுப் போனது. புல் அவள் காலைச் சுற்றிக் கிடந்தது. அவள் கண்ணை எடுக்காமல் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்கும் மருமகளுக்கும் தெரியும். பையனுக்குத் தெரியாது.

"வரல," என்றாள் அக்கா.

"எது அத்தை?" என்றான் பையன்.

"தண்ணி."

"தண்ணிக்குள்ளதான அத்தை நிக்கிறீங்க?"

அக்கா குனிந்து பார்த்தாள். வெளியே துள்ளி ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. குனிந்து காலைச் சுற்றியிருந்ததை ஒரு கை அள்ளினாள். நீளமாக, நாடா மாதிரி இருந்தது.

"இது சருகு இல்லையா?"

"புல்லு அத்தை. அடியில வளரும். ஆவுளியான்னு ஒண்ணு இருக்கு, மாடு கணக்கா பெருசு. அது வந்து இத மேஞ்சுட்டுப் போவும்."

"அப்ப இது மேய்ச்சக்காடா?" என்றாள். கையில் இருந்த புல்லை முகர்ந்து பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "ஏறுன்னு கத்துனாவளே, அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தை. எல்லாரும் புள்ளையத் தூக்குனாங்க. நானும் தூக்குனேன்."

"ஏன்னு கேக்கலையா?"

"புள்ளையத் தூக்குறதுக்கு ஏன்னு எதுக்குக் கேக்கணும்?"

மருமகள் என் பக்கம் பார்த்தாள். அக்கா கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பாறையில் நின்றபோது இருந்த முகம் அது இல்லை.

"எறக்கி விடு," என்றாள். "பிள்ளைகளுக்கு இடுப்பு வலிக்கப் போகுது."

சிரித்தவர்கள் எல்லாம் அவரவர் சோற்றுச் சட்டிக்குத் திரும்பிவிட்டார்கள். அக்கா ஈர மணலிலேயே உட்கார்ந்தாள், காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், அவள் அப்படி உட்கார்ந்து. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நீ இன்னும் சொல்லல."

சொன்னேன். இப்போது சித்திரை, அதனால் இது இப்படிக் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது இதே கடல் இப்படி இருக்காது. சத்தம் போடும், தோப்பு வரைக்கும் தண்ணீர் ஏறும். அப்போது இங்கே யாரும் பிள்ளைகளை இறக்க மாட்டார்கள். ஆனால் திடீரென்று வராது. முன்னாலேயே காற்று மாறும், நிறம் மாறும். அதைப் பார்த்துப் படகுகளை மேலே இழுத்துப் போட்டுவிடுவார்கள். இதில் நான் எதையும் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

"அப்ப ஏறுன்னு சொல்ல இங்கயும் ஆளு இருக்குன்னு சொல்லு."

"இருக்காவ."

"நீ என்ன சொல்லுத?"

"நான் சரிங்கேன்," என்றேன்.

அக்கா எழுந்து சேலையைப் பிழிந்தாள். தோப்பில் இருந்த பையனின் அம்மாவைப் பார்த்துச் சத்தமாக, "மதினி, கோவில்ல ஓலை வாசிக்கச் சொல்லிருவோம்" என்றாள். மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்துவிட்டால் கல்யாணம் உறுதி. மருமகள் அந்த இடத்திலேயே தண்ணீரைக் கையில் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். அழுகிறாளா கழுவுகிறாளா என்று பார்க்க வேண்டாம் என்று நான் திரும்பிக்கொண்டேன்.

வேன் கிளம்புகிற நேரத்தில் நானும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா கதவில் கை வைத்து மறித்தாள்.

"நீ எங்க வார?"

"ஊருக்கு."

"ஊருல உனக்கு என்ன வேலை கெடக்கு? இங்கயே இரு. பிள்ளைக்கு மாமன் ஒருத்தன் பக்கத்துல இருந்தா நான் அங்க நிம்மதியாத் தூங்குவேன். ஒரே ஒரு வாடைக்காலம் இருந்து பாரு. தினம் எனக்குப் போன் போட்டுத் தண்ணி எப்படி இருக்குன்னு சொல்லு. பொறவு உன் கால் எங்க கூட்டிட்டுப் போகுதோ அங்க போ."

"நான் ஒரு இடத்துல நிக்காதவன்க்கா."

"தெரியும்லே. தெரிஞ்சுதான் கேக்கேன்."

வேன் போயிற்று. டிரைவர் ஜன்னல் வழியாகக் கை காட்டினார். அவர் செருப்பு கிடைக்கவே இல்லை. பையனின் தகப்பனார் எனக்கு வலைகள் வைக்கிற கொட்டகையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். எத்தனையோ கொட்டகையில் படுத்திருக்கிறேன். சம்பந்தி என்று கூப்பிட்டுத் தலையணை கொடுத்தது அங்கேதான்.

காலையில் அவரே என்னை ஒருவரிடம் கூட்டிப் போனார். கடற்கரைத் தோப்பையும் ஊஞ்சலையும் பார்த்துக்கொள்கிற குத்தகைக்காரர். ஆள் தேவை என்றார். நீளக் கம்பின் முனையில் இரும்புப் பல் வைத்த ஒன்றையும் ஒரு கூடையையும் கொடுத்தார். பிள்ளைகள் வருவதற்குள் கரையில் ஒதுங்கிய புல்லையெல்லாம் வாரி, தோப்புக்குப் பின்னால் கொட்ட வேண்டும். தென்னைக்குப் போட எடுத்துப் போவார்களாம்.

முந்தின நாள் எங்களை மேட்டில் ஏற்றிய புல் அத்தனையும் கரை நீளத்துக்கும் பழுப்பாகக் கிடந்தது. அத்தானின் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு ஒரு முனையிலிருந்து வார ஆரம்பித்தேன். நான்கைந்து கூடை கொட்டியிருப்பேன், போன் அடித்தது.

"தண்ணி எப்படிலே இருக்கு?" என்றாள் அக்கா.

"தெளிவா இருக்கு."

"சருகு?"

"அத அள்ளுறதுதான்க்கா என் வேலை," என்றேன்.